ராக்னா பாறை இல்லங்க: ஒரு சொல்லும் ஒரு நியூயார்க் பாட்டும்

ராக் மியூசிக்க "பாறை இசை"ன்னு எழுதியிருக்கறத இன்னும் அங்கங்க பாக்கறேன், பாக்கும்போதெல்லாம் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. தமிழ்ல சொல்லணும்ங்கற ஆசை நல்ல ஆசை தான், ஆனா சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தோண்டிப் பாத்திருந்தா இந்த தப்பு வந்திருக்காது.

இங்கிலீஷ்ல ராக்னு ரெண்டு சொல் இருக்கு. எழுத்து ஒண்ணு, உச்சரிப்பு ஒண்ணு, பிறப்பு தான் வேற வேற. பாறைங்கற ராக் பழைய பிரெஞ்சு வழியா உள்ள வந்தது. இன்னொரு ராக் பழைய இங்கிலீஷ் வினைச்சொல், முன்னும் பின்னும் ஆட்டுறதுன்னு அர்த்தம், குழந்தைய தொட்டில்ல போட்டு ஆட்டுறோமே அதே ஆட்டு. நம்ம தாலாட்டுலயும் அந்த ஆட்டு இருக்கு பாருங்க (தால்னா நாக்கு, நாக்க ஆட்டிப் பாடுறதால தாலாட்டு). ராக்கிங் சேர யாரும் பாறை நாற்காலின்னு சொல்றதில்லையே, ஆடுற நாற்காலின்னு தான சொல்றோம்.

கடல்ல கப்பல் ஆடி உருளறதுக்கு ராக், ரோல் ரெண்டையும் சேத்து சொல்ற வழக்கம் ரொம்ப பழசு. அப்புறம் அமெரிக்க கறுப்பின மக்கள் பேச்சுல அது டான்ஸுக்கும் ஆண் பெண் உறவுக்கும் சொல்லாச்சு, 1922லயே ட்ரிக்ஸி ஸ்மித் பாடின ஒரு ப்ளூஸ் பாட்டோட தலைப்புல ராக்கும் ரோலும் சேந்து வருது. 1950கள்ல கிளீவ்லேண்ட் ரேடியோல ஆலன் ஃப்ரீட் ராக் அண்ட் ரோல்னு திரும்பத் திரும்ப சொல்லி அத ஊரறிய வச்சார். 60கள் நடுவுல ரோல் மெல்ல உதிர்ந்து வெறும் ராக்னு நின்னுச்சு. ஆக மொத்தம் பாறை எங்கயுமே வரல.

சரி, அப்ப தமிழ்ல என்னன்னு சொல்றது? இதுக்கு விடை எனக்கு அகராதியில கிடைக்கல, ஒரு பாட்டுல தான் கிடைச்சுது. லவின் ஸ்பூன்ஃபுல்ங்கற நியூயார்க் பேண்டோட "சம்மர் இன் தி சிட்டி", 1966 ஜூலைல வந்தது. அந்த பேண்டோட பாடகர் ஜான் செபாஸ்டியன், அவரோட தம்பி மார்க் அப்ப டீனேஜ் பையன், அவன் எழுதி வச்சிருந்த பாட்டுலேருந்து தான் இது ஆரம்பிச்சுது. ராத்திரியானா இந்த ஊரே வேற உலகம்ங்கற பல்லவி ஜானுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு, ஆனா அதுக்கு முன்னாடி வர்ற வரிகள் சாதுவா இருக்கு, பகலோட புழுக்கமும் நெருக்கடியும் நல்லா இறுக்கிப் பிடிச்சா தான் ராத்திரி வரும்போது மூச்சு விட முடியும்னு அந்தப் பகுதிய மாத்தி எழுதினார். நடுவுல வர்ற வாத்திய இசை பேஸ் கிட்டார் வாசிச்ச ஸ்டீவ் பூன் கொண்டு வந்தது. அதக் கேட்டதும் டிராஃபிக் ஞாபகம் வர, பழைய ரேடியோ காலத்து சவுண்ட் எஃபெக்ட் ஆள் ஒருத்தர கூட்டிட்டு வந்து கார் ஹார்னும் ரோட்ட உடைக்கிற டிரில் மெஷினும் சேத்தாங்க. டிரம் அடி கட்டடமே அதிர்ற மாதிரி கேக்கணும்னு படிக்கட்டுக் கூடத்துல ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு அந்த எதிரொலிய பிடிச்சாங்க.

ஹெட்ஃபோன் போட்டு ஆரம்பத்த மட்டும் கேளுங்க. கீபோர்டுல ரெண்டு தட்டு, உடனே யாரோ கதவ அறைஞ்சு சாத்தின மாதிரி ஒரு டிரம் அடி, திரும்ப ரெண்டு தட்டு, திரும்ப அறை. பகல் வரிகள் முழுக்க குரலும் அந்த அடியோட சேந்து வெட்டி வெட்டி தான் வருது. பல்லவி வந்ததும் சோகமான மைனர் ஸ்கேல் விலகி மேஜர் பக்கம் திறக்குது, பாடுறவர் தோள தளத்தி விட்ட மாதிரி குரல் நீளுது, அப்புறம் ஹார்ன், டிரில், மறுபடியும் பகல்.

வெளிவந்த நேரமும் அப்படி அமைஞ்சுது. அந்த ஜூலை 3ம் தேதி நியூயார்க் லகார்டியா ஏர்போர்ட்ல 107 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். ஆகஸ்ட்ல பில்போர்டுங்கற அமெரிக்க பாட்டு வரிசைப் பட்டியல்ல மூணு வாரம் முதலிடம், அமெரிக்காவுல அந்த பேண்டுக்கு கிடைச்ச ஒரே முதலிடம் இது தான். அதுவரைக்கும் இதமான சிரிச்ச முகப் பாட்டுக்காரங்கன்னு தான் அவங்களுக்கு பேரு, அவங்க கிட்டருந்து இப்படி ஒரு முரட்டுச் சத்தம் வரும்னு யாரும் எதிர்பாக்கல.

இப்ப தொல்காப்பியத்துக்கு வாங்க. செய்யுளியல்ல தொல்காப்பியர் 20 வண்ணம், அதாவது பாட்டோட ஓசை வகை, சொல்றாரு, அதுல வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம்னு ரெண்டு இருக்கு. "வல்லிசை வண்ணம் வல்லெழுத்து மிகுமே"ன்னு இலக்கணம், அதாவது க ச ட த ப ற தூக்கலா வர்றது. தடதட, கடகட, படபட, அந்த டிரில் சத்தத்த தமிழ்ல எப்படி எழுதினாலும் வல்லினம் தான் வந்து விழுது! மெல்லிசைங்கற சொல்ல நாம ஏற்கனவே லைட் மியூசிக்குக்கு எடுத்துக்கிட்டோம், மெல்லிசைக் குழுன்னா எல்லாருக்கும் புரியுது. அதோட ஜோடி தான் இத்தனை நாளா சும்மா கிடக்கு. அதனால ராக்குக்கு வல்லிசைங்கறது தான் என் பரிந்துரை, வல்லிசைப் பாட்டு, வல்லிசைக் குழு, வல்லிசைக் கச்சேரின்னு எங்க போட்டாலும் ஒட்டுது.

ஆச்சரியம் என்னன்னா அதே 20ல உருட்டு வண்ணமும் இருக்கு, ரோலுக்கு நேரா அப்படியே. ஆனா உருட்டுன்னா இன்னைக்கு அளந்து விடறதுன்னு ஆயிடுச்சு, அந்த அர்த்தம் இருக்கற வரைக்கும் அத இசைக்கு வைக்க முடியாது. துள்ளிசைன்னும் சிலர் சொல்றாங்க, கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா அது பாப் பாட்டுக்கு தான் பொருந்தும், இந்தப் பாட்டோட பகல் பகுதி துள்ளல, முட்டி மோதுது. ஆட்டிசைன்னா வேர்ப்பொருள் சரி, காதுல விழும்போது ஆடு வந்து நிக்குது. ராக்னே எழுதறவங்களோட எனக்கு சண்டை இல்ல, அதுவும் இப்ப நம்ம நாக்குல பழகின சொல் தான், பாறைய மட்டும் விட்டுடுங்க.

வல்லிசைங்கறது பாட்டோட பேர வச்சு ஒட்டுற லேபிள் இல்ல, ஒலிய வச்சு சொல்றது. இதே பாட்ட 1973ல அமெரிக்க இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் ஜாஸ் ஆளுங்களோட எடுத்தார், அந்த இசையமைப்புக்கு கிராமியும் கிடைச்சுது. அந்த அறையற டிரம் இல்ல, டிரில் இல்ல, கீபோர்டு நிதானமா மிதக்குது, பாதி பாட்டு தாண்டினதுக்கு அப்புறம் தான் மனுஷக் குரலே வருது. அதே ஊர், அதே வெயில், ஆனா அத வல்லிசைன்னு நான் சொல்ல மாட்டேன், அது மெல்லிசை.