யானைப்பாதையும் முற்றத்து வாட்டமும்

தை பிறந்தால் எங்கள் பக்கத்து ஊர்களில் பழனிப் பேச்சுதான். காவடி எடுக்கும் நகரத்தார்களும் அவர்களோடு சேர்ந்துகொள்பவர்களுமாக, காரைக்குடி வட்டாரத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் நடந்து தைப்பூசத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அத்தனை தூரம் நடந்த காலுக்கு மலையடிவாரத்தில் ஒரு கேள்வி காத்திருக்கும். படியா, சாய்வாகச் சுற்றி ஏறும் யானைப்பாதையா?

"படியில போனா பொசுக்குன்னு முடிஞ்சிரும், யானைப்பாதை சுத்துப்பாதை" என்பார் என் அத்தை. பெரியப்பாவோ யானைப்பாதையை விட்டு இறங்க மாட்டார். வருடா வருடம் நடக்கும் இந்த வழக்கில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், எந்த மலைப்பாதையும் ஏன் வளைந்து வளைந்து போகிறது என்பது விளங்கிவிடும்.

பழனி மலை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 450 அடி, அதாவது 137 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடம்பை அந்த உயரத்துக்குக் கொண்டுபோக 80,000 ஜூலுக்குச் சற்று மேல் வேலை செய்ய வேண்டும், கிலோகலோரியில் 19. சாப்பாட்டிலிருந்து வரும் ஆற்றலில் சுமார் கால்பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும், மீதி வெப்பமாகிவிடும். அதனால் உள்ளே எரிவது 75 கிலோகலோரிக்குப் பக்கம். சின்ன இட்லியாக இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். படியில் ஏறினாலும் பாதையில் ஏறினாலும் புவியீர்ப்புக்குக் கொடுக்க வேண்டிய இந்தக் கணக்கு மாறாது.

மாறுவது அதை எவ்வளவு நேரத்தில் கொடுக்கிறோம் என்பது. அதே வேலையைப் பாதி நேரத்தில் முடித்தால், ஒவ்வொரு நிமிடமும் தசை இரண்டு மடங்கு ஆக்சிஜன் கேட்கும். இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாத இடத்தில்தான் அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெரியப்பா பேசிக்கொண்டே மேலே வந்துவிடுகிறார்.

அப்படியானால் சுற்றச் சுற்ற நல்லதா? அதுவும் இல்லை. பாதை மிகவும் சாய்வு குறைந்து நீண்டுகொண்டே போனால், உயரத்துக்குச் செலவாவதைவிட வெறும் நடைக்கே அதிகம் செலவாகும். செங்குத்தாகப் போனாலோ குதிகால் தரையில் பதியாமல் கெண்டைக்கால் தசை வீணாக உழைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வு இருக்க வேண்டும் அல்லவா? இத்தாலிய உடலியல் ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டி 1995-இல் இதைக் கணக்கிட்டார். நான்கு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிற சாய்வு, அதாவது 25 சதவீதம், உயரம் ஏறுவதற்கு மிகச் சிக்கனமானது என்று வந்தது. ஆல்ப்ஸ் மலையில் பழைய நடைபாதைகளின் சாய்வும் ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. அவற்றைப் போட்டவர்கள் கையில் எந்தக் கருவியும் இருந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக நடந்த கால்கள் கண்டுபிடித்த எண் அது. எனக்கு இதைப் படித்த அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

யானைக்கு இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. உடம்பின் நீளமும் அகலமும் உயரமும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். தசையின் குறுக்குப்பரப்போ நான்கு மடங்குதான். பெரிய உடம்புக்கு ஏற்றம் பாரமாவது இதனால்தான். கென்யாவின் சம்புரு பகுதியில் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில், சரிவு கூடக் கூட யானைகள் அந்த இடத்தைத் தவிர்ப்பது தெரிந்தது. பழனியில் யானைக்கென்று போட்ட பாதை நமக்கும் சுகமாக இருப்பதில் வியப்பில்லை.

உயரத்துக்கான நேரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று 1892-இலேயே ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு விதி சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரையிலிருந்து பாம்பாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைவழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மட்டும் 5,000 அடிக்கு மேல். தூரத்துக்கான நேரம் போக இரண்டரை மணி நேரத்தை ஏற்றத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். சமதரையிலேயே நடந்து பழகிய நம்மவர்கள் "பத்து கிலோமீட்டர்தானே" என்று கிளம்பி, பாதி மலையில் இருட்டிப்போய் மாட்டிக்கொள்வது இந்தக் கூட்டலை மறப்பதால்தான்.

இறக்கம் வேறு கதை. மூச்சு இரைக்காது, வியர்க்காது, சுகமாக இருக்கும். மறுநாள் காலையில் திண்ணையிலிருந்து எழுந்திருக்கும்போதுதான் தொடை கதறும். தண்ணீர் நிறைந்த வாளியைக் கிணற்றில் மெதுவாக இறக்கிப் பாருங்கள். கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கும்போதே அது கையை விட்டு நழுவி உள்ளங்கையைத் தேய்க்கும். இறக்கத்தில் முன்தொடைத் தசைக்கும் அதே நிலைதான். உடம்பு தடதடவென்று விழாமல் இருக்க அது சுருங்கப் பார்க்கிறது. உடம்பின் எடை அதைப் பிடித்து நீட்டுகிறது. இந்த இழுபறியில் தசை நார்களின் நுண்ணிய அடுக்குகள் அங்கங்கே கிழிகின்றன. வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரைக்குள் உச்சத்துக்கு வரும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து வடிந்துவிடும், மறுநாள் வலிக்கு அது காரணமாக முடியாது. நல்ல சேதி என்னவென்றால், ஒரு முறை இப்படி அடிபட்ட தசை சில வாரங்களுக்கு அடுத்த இறக்கத்தை நன்றாகத் தாங்கும். யாத்திரைக்கு இரண்டு வாரம் முன்பு குன்றக்குடிப் படிகளை நிதானமாக நாலைந்து முறை இறங்கிப் பழகச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

இதுவரை சொன்னது நடக்கிறவர் பக்கத்துக் கணக்கு. பாதையில் இன்னொருவரும் நடக்கிறார். மழைத்தண்ணீர்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரின் சாய்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முற்றத்துத் தளம் பார்வைக்கு மட்டமாக இருக்கும். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் தேங்காமல் மூலைத் துவாரத்துக்கு ஓடும். கொத்தனார் வாட்டம், அதாவது கண்ணுக்குத் தெரியாத சாய்வு, விட்டிருப்பார். ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் அதேதான்: வாட்டம் போதாவிட்டால் வண்டல் மேடு தட்டும், கூடிவிட்டால் கரையை அரிக்கும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்காவதில்லை, 64 மடங்காகிறது.

மலைப்பாதை நேராக மேலேறினால் அதுவே வாய்க்காலாகிவிடும். ஆகவே பாதை போடுகிறவர்கள் சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போவார்கள். பாதையின் சாய்வு, மலைச்சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது அவர்களுடைய விதி. தாண்டினால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் கடந்து கீழே போகாமல் பாதையோடேயே ஓட ஆரம்பிக்கும். பள்ளத்தாக்குப் பக்கமாக மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வாட்டமும் விடுவார்கள், முற்றத்தில் விடுவது போலவே. அங்கங்கே ஏற்றத்தின் நடுவில் கொஞ்ச தூரம் பாதை சற்று இறங்கி மறுபடி ஏறும். நடப்பவருக்கு அது எரிச்சலாக இருக்கும். சேர்ந்து வந்த நீரெல்லாம் வெளியேறுவது அந்தத் தாழ்வில்தான்.

வெள்ளகவி போகும் வழியில், ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு சமயம், ஒரு கொண்டை ஊசித் திருப்பத்தில் நின்று பார்த்தேன். இறங்கி வந்தவர்கள் திருப்பத்தைச் சுற்ற மனமில்லாமல் குறுக்கே சரிந்து இறங்கிய தடம் ஒன்று. மேலே ஒரு சாண் ஆழம், கீழே முழங்கால் ஆழம். ஒரு மரத்தின் வேர்கள் மண்ணில்லாமல் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. அரித்த மண் கீழ்ப்பாதையில் மேடாகக் கிடக்க, அங்கிருந்து தண்ணீர் திசைமாறிப் பாதையையே பிளக்கத் தொடங்கியிருந்தது. இருபது அடி மிச்சம் பிடிக்க யாரோ வைத்த கால் இத்தனையும் செய்திருக்கிறது. குறுக்குத்தடத்தில் இறங்கியவரின் தொடைக்கும் இரட்டிப்பு அடி விழுந்திருக்கும், அது வேறு.

பின்னால் சுமையோடு வந்த ஊர்க்காரர் ஒருவர் மூட்டையை இறக்கி வைத்தார். பள்ளத்தின் குறுக்கே மூன்று கல்லை உருட்டிப் போட்டு, மேல்வாயில் ஒரு முள்செடியை இழுத்துச் சாத்தினார். "மூணு கல்லு எதுக்குண்ணே?" என்றேன்.

"தண்ணி நின்னு போவட்டும் தம்பி. நின்னா மண்ணைக் கீழ போட்ரும்ல."

வரத்துக்காலுக்கும் வாய்க்காலுக்கும் பொருந்துகிற அதே கணக்கு. அடுத்த வருடம் போனபோது கற்களின் பின்னால் ஒரு கைப்பிடி உயரத்துக்கு வண்டல் சேர்ந்து, அதில் புல் முளைத்திருந்தது.