குவாட்டர்பேக், கோச்: பொருள், வரலாறு, தமிழ்ச் சொல்

அமெரிக்கக் காற்பந்தில் அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் வீரர் குவாட்டர்பேக்; அணியைப் பயிற்றுவிப்பவர் கோச். தலைசிறந்த குவாட்டர்பேக் யார், எந்தக் கோச்சோடு அவர் சேர்ந்தது தலைசிறந்த கூட்டு என்ற விவாதம் ஒவ்வொரு பிப்ரவரியிலும் தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் முடிந்த கையோடு சூடு பிடிக்கும். டாம் பிரேடி–பில் பெலிச்செக்கா, ஜோ மொன்டானா–பில் வால்ஷா, பார்ட் ஸ்டார்–வின்ஸ் லொம்பார்டியா? இந்த விவாதத்தின் பாதிக் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. குவாட்டர்பேக் என்று 1880இல் அழைக்கப்பட்டவர் செய்த வேலை வேறு, 1930களில் வேறு, இன்று வேறு. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

குவாட்டர் என்றால் கால். எதில் கால் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆட்டம் பதினைந்து நிமிடக் கால்பாகங்கள் நான்காக நடப்பதால் வந்த பெயர் என்று எண்ணுவது பிழை. அந்தப் பிரிப்பு 1910இல்தான் வந்தது. பெயர் அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. இந்தக் கால், தூரத்தைக் குறிக்கும் கால். ரக்பியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களை, எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்பதை வைத்துப் பெயரிட்டார்கள். கடைசியில் நிற்பவர் ஃபுல்பேக், அதாவது முழு. அவருக்கு முன் முக்கால், அதற்கு முன் அரை, வரிசையை ஒட்டி நிற்பவர் கால். நம் கால், அரை, முக்கால், முழு என்ற அளவைகள் இதில் அச்சாகப் பொருந்துகின்றன.

அமெரிக்காவில் இதைச் சட்டமாக்கியவர் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப். 1880இல் அணிக்குப் பதினைந்து பேர் என்பது பதினொன்றாகக் குறைந்தது. ரக்பியின் முட்டிமோதல் போய், பந்தை ஒரே அணி கையில் வைத்திருந்து பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. தொடக்கத்தில் அதைக் காலால்தான் தள்ளினார்கள். அப்படி வரும் பந்தை முதலில் வாங்குபவரே குவாட்டர்பேக் என்றது விதி. வாங்கியவர் தானே பந்தோடு முன்னே ஓடக்கூடாது என்றும் சொன்னது. ஆகவே அன்றைய குவாட்டர்பேக் ஒரு கைமாற்றி மட்டுமே. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்ததே 1906இல்தான்.

அதற்குப் பின்னும் அவர் உடனே நாயகர் ஆகிவிடவில்லை. சிங்கிள் விங் என்ற வியூகம் கோலோச்சிய காலத்தில் பந்து நேராகப் பின்னால் தள்ளி நிற்கும் டெயில்பேக் என்ற வீரருக்குப் போனது. ஓடியதும் எறிந்ததும் அவர்தான். குவாட்டர்பேக்கின் முதன்மை வேலை எதிராளியை முட்டித் தடுப்பது. பின்னால் நிற்பவர்கள் ஆங்கில T எழுத்துப்போல் நிற்கும் டி வடிவ வியூகம் புதுப்பொலிவோடு திரும்பியபோதுதான் நிலைமை தலைகீழானது. 1940 டிசம்பர் 8 அன்று சிகாகோ பேர்ஸ் அணி சிட் லக்மனைக் குவாட்டர்பேக்காக வைத்து இதே வியூகத்தில் ஆடி, வாஷிங்டனை 73–0 என்று வீழ்த்தியது. இன்று நாம் அறிந்த குவாட்டர்பேக்கின் பிறப்பு இந்தக் காலகட்டம்தான். ஷாட்கன் என்ற முறையில் அவர் இன்று முன்வரிசைக்கு ஐந்து கஜமோ அதற்கும் மேலோ பின்னால் நிற்பதால், பெயரில் உள்ள ‘கால்’ தூரமும் பொய்த்துவிட்டது.

இனி கோச். ஹங்கேரியில் கோச் என்ற சிற்றூரில் செய்யப்பட்ட நல்ல குதிரை வண்டி ஊர்ப்பெயராலேயே ஐரோப்பா எங்கும் பரவியது. நம் ரயில் பெட்டியைச் சொல்லும் கோச்சும், இலங்கைத் தமிழர் ரயிலுக்குச் சொல்லும் கோச்சியும் இந்த வேரில் வந்தவை. 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தேர்வு என்னும் ஆற்றைக் கடக்கத் தங்களைச் சுமந்து செல்லும் தனிப்பாட ஆசிரியரை விளையாட்டாகக் கோச் என்றார்கள். பிறகு அது விளையாட்டுத் திடலுக்கு வந்தது. கோச் என்றால் வண்டி. பிறகு வண்டியை ஓட்டுபவர் யார்? விவாதத்தின் முடிச்சு இதுதான்.

அடுத்த நகர்வு என்ன என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பார்க்காமல் எந்தக் கூட்டையும் எடைபோட முடியாது. ஸ்டாரும் பிட்ஸ்பர்க்கின் டெரி பிராட்ஷாவும் பெரும்பாலும் தாங்களே நகர்வுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் உறைபனியில் நடந்த இறுதிப் போட்டியில் 16 விநாடியே மீதி; இலக்குக்கு ஒரு கஜம். எல்லைக்கோட்டில் லொம்பார்டியிடம் பேசிவிட்டு வந்த ஸ்டார், பந்தை யாரிடமும் கொடுக்காமல் தானே நுழைந்தார். டல்லாஸுக்கு எதிராக 21–17.

கிளீவ்லாண்டின் கோச் பால் பிரவுன் நேர்மாறு. ஒவ்வொரு நகர்வையும் தானே முடிவுசெய்து, மாற்றி மாற்றி உள்ளே போகும் வீரர்கள் வழியே குவாட்டர்பேக் ஓட்டோ கிரஹாமுக்குச் சொல்லி அனுப்பினார். 1956இல் தலைக்கவசத்துக்குள் வானொலியையும் வைத்துப் பார்த்தார், லீக் தடுத்தது. அதே ஏற்பாட்டை 1994இல் லீக்கே அனுமதித்தது. இப்போது ஒரு நகர்வு முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதில் 15 விநாடி மீதியிருக்கும்போது கோச்சின் குரல் துண்டிக்கப்படும். அதற்குப் பிறகு எதிரணியின் நிற்பைப் படித்து, தேவையென்றால் உரக்கக் குரல்கொடுத்து நகர்வை மாற்றுவது குவாட்டர்பேக்கின் தனிப் பொறுப்பு. நேரம் தவறினால் ஐந்து கஜம் தண்டனை.

கிரஹாம்–பிரவுன் கூட்டு 1946 முதல் 1955 வரை பத்துப் பருவங்களில் பத்து முறையும் இறுதிப் போட்டியை எட்டி, ஏழு முறை வென்றது. இதற்கு நிகர் இன்றுவரை இல்லை. நான்கு பட்டங்கள் வேறொரு லீக்கில் வந்தவை என்பதற்காக இதைப் பட்டியலிலிருந்து தள்ளுவது அநியாயம்.

எண்ணிக்கையில் முன்னிற்பது பிரேடி–பெலிச்செக்: ஒன்பது சூப்பர் பௌல், ஆறு வெற்றி. ஆனால் பெலிச்செக் தற்காப்பில் தேர்ந்தவர். பிரேடியின் காதில் நகர்வுகளைச் சொன்னவர்கள் சார்லி வைஸ், ஜோஷ் மெக்டேனியல்ஸ் போன்ற தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்கள். 2015இல் எதிரணியான சியாட்டில் இலக்குக்கு ஒரு கஜத்தில் நின்றபோது பெலிச்செக் அணியின் மால்கம் பட்லர் பந்தைப் பறித்த கணம் தற்காப்பின் வெற்றி. 2017இல் அட்லாண்டாவிடம் 28–3 என்று பின்தங்கி 34–28 என்று வென்றதில் பெரும்பங்கு பிரேடியுடையது. ஒரே அணியின் இரு வேறு பாதிகளை ஆண்ட இருவர் இவர்கள்.

வால்ஷ் குறுகிய தூரத்தில், அளந்த அடிகளில் எறியும் முறையை வகுத்தார். முதல் பதினைந்து நகர்வுகள்வரை முன்கூட்டியே எழுதிவைத்தார். 1979இல் அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுத்தபோது 82ஆவது தேர்வாக வந்த மொன்டானாவின் வேகமான முடிவும் நிதானமும் அந்த முறைக்கு உயிர் கொடுத்தன. சேர்ந்து மூன்று பட்டங்கள். ஒருவர் திட்டத்தை மற்றவர் களத்தில் நிறைவேற்றும் கூட்டு என்ற பொருளில் இதையே முதலிடத்தில் வைப்பேன். கோச் ஆண்டி ரீடும் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸும், 2024க்குள் மூன்று பட்டங்களோடு, இதே மரபு. டான் மரீனோ–டான் ஷூலா பதின்மூன்று பருவம் சேர்ந்திருந்தும் ஒரே ஒரு சூப்பர் பௌலை எட்டி, அதையும் இழந்தார்கள். அதனால் மரீனோவின் கை சிறியதாகிவிடாது. எறிந்த கஜங்களை ஒப்பிடுபவர்கள் 1978ஐ மறக்கக்கூடாது. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து கஜத்துக்கு அப்பால் தொட்டுத் தடுக்கக்கூடாது என்ற விதி வந்த ஆண்டு அது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘காற்பின்னவர்’ சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் காற்பந்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்தால் எவரும் பாதத்தைத்தான் நினைப்பார்கள். பின்னணிப் படைக்குப் பழந்தமிழில் கூழை என்று பெயர் உண்டு. கூழைக்கும்பிடு அதைக் கெடுத்துவிட்டது. ‘ஆட்ட நடத்துநர்’ பேருந்தை நினைவூட்டும். ‘அணித்தலைவர்’ அறவே கூடாது, அது கேப்டன். குவாட்டர்பேக் கேப்டனாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நான் பரிந்துரைப்பது ‘கள வலவர்’. தேர் ஓட்டுபவர் வலவன். புறநானூறு ஓட்டுநர் இல்லாத விண்ணூர்தியை ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்கிறது. போகுமிடத்தைத் தேரில் இருப்பவர் சொல்ல, குதிரையை எந்தத் தடத்தில் செலுத்துவது என்று முடிவெடுப்பவர் வலவர். கோச்சுக்குப் ‘பயிற்றுநர்’ போதும். ‘பயிற்சியாளர்’ பயிற்சி பெறுபவரையும் குறித்துவிடும். செய்தி எழுதுவோர் முதல் முறை ‘கள வலவர் எனப்படும் குவாட்டர்பேக்’ என்று எழுதிவிட்டு, பின்பு எதையாவது ஒன்றை மாறாமல் பயன்படுத்தலாம்.

விளையாட்டுக்கு வெளியே இச்சொல் வரும்போது வலவரும் வேண்டாம். ஒரு திட்டத்தின் குவாட்டர்பேக் என்றால் அதை முன்னின்று நடத்துபவர். ‘திங்கள் காலைக் குவாட்டர்பேக்’ என்பது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்த மறுநாள் இப்படி எறிந்திருக்கலாமே என்று குறை சொல்பவர். தமிழில் ‘நடந்து முடிந்த பின் யோசனை சொல்பவர்’ என்று எழுதினால் போதும், திங்கட்கிழமையைக் கொண்டுவரத் தேவையில்லை.