வேதியியலைப் பேனாவோடு படியுங்கள்

"எல்லாம் படிச்சேன் சார், எழுதும்போதுதான் வரல." பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு ரிவிஷன் தேர்வுக்குப் பிறகும் கேட்கும் பேச்சு இது. அந்தப் பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே படித்திருப்பார்கள், ஆனால் கண்ணால் மட்டும். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு சமன்பாட்டை எழுதச் சொன்னால், இரண்டாவது வரியில் கை நின்றுவிடும். பல வருடங்களாக விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேதியியலில் மதிப்பெண் போவது பெரும்பாலும் தெரியாததால் அல்ல, எழுதிப் பழகாததால்.

கரிம வேதியியலை எடுத்துக்கொள்வோம், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். பெயர் வினைகளை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். ஆல்டால் குறுக்கம் ஒரு நாள், கன்னிசரோ மறுநாள். தேர்வில் 'பென்சால்டிஹைடுடன் அடர் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் என்ன நிகழும்?' என்று கேட்டால் குழப்பம் வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அசிட்டால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது CHO தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன், இருக்கிறது. நீர்த்த காரம் அதைப் பிடுங்குகிறது, இரண்டு மூலக்கூறுகள் இணைகின்றன, ஆல்டால் கிடைக்கிறது. பென்சால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜனே இல்லை. பிடுங்க எதுவும் இல்லாததால் அடர் காரத்தில் ஒரு மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்து சோடியம் பென்சோயேட் ஆகிறது, இன்னொன்று ஒடுக்கம் அடைந்து பென்சைல் ஆல்கஹால் ஆகிறது. ஃபார்மால்டிஹைடுக்கும் இதே கதைதான். 'ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா?' என்ற ஒரே கேள்வியில் இரண்டு வினைகளும் அடங்கிவிட்டன. இப்படிப் படித்தவர் கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டாலும் எழுதிவிடுவார். வினையை எழுதும்போது அம்புக்குறிக்கு மேல் காரமா அமிலமா, நீர்த்ததா அடர்த்தியானதா, வெப்பநிலை என்ன என்பதையும் எழுதிப் பழகுங்கள். அது இல்லாவிட்டால் சமன்பாடு முழுமையாகாது.

அடுத்து கணக்குகள். வினை வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல் மூன்றிலும் கணக்கு வரும். வீட்டில் போன் கால்குலேட்டரில் போட்டுப் பழகுகிறவர்களே அதிகம். ஆனால் தேர்வு அறையில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். ஆகவே முதல் நாளிலிருந்தே அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். (அமிலத்தின் செறிவு கூடக் கூடக் குறையும் எண்) கேட்டால், 3-லிருந்து log 2-இன் மதிப்பான 0.3010-ஐக் கழித்து 2.699 என்று வர வேண்டும். 3.3010 என்று கூட்டி எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 0.001 மோலாருக்கு பி.எச். 3. இது அதைவிடச் செறிவான அமிலம், அப்படியானால் விடை 3-க்குக் கீழேதானே இருக்க வேண்டும்? விடை வந்ததும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பதும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

சூத்திரத்துக்குத் தனி, மதிப்புகளைப் பிரதியிட்டதற்குத் தனி, அலகுடன் கூடிய விடைக்குத் தனி என்றுதான் மதிப்பெண் பிரியும். கடைசிவரை போக முடியாவிட்டாலும் தெரிந்தவரை எழுதிவிடுங்கள். வெறும் இடமாக விட்ட பக்கத்துக்கு யாராலும் மதிப்பெண் போட முடியாது, திருத்துகிறவருக்கு அது உண்மையில் வருத்தமாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் 'இந்தப் பத்து கேள்வி போதும்' பட்டியல்களை நம்பிப் பாடங்களைத் தள்ளாதீர்கள். தியரி தாள் 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் 9 கொடுத்து 6 எழுதச் சொல்வார்கள், இரண்டிலும் ஒரு வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண்ணில் 5 வினாக்கள், ஒவ்வொன்றும் 'அல்லது' வகை. கட்டாய வினா எந்தப் பாடத்திலிருந்து வேண்டுமானாலும் வரலாம், சாய்ஸில் விட முடியாது. உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல் இரண்டும் கணக்கு இல்லாத, படிக்க எளிதான பாடங்கள். கடைசியில் இருக்கின்றன என்பதற்காகவே பலர் தொடாமல் விடுகிறார்கள்.

செய்முறைக்கு 20 மதிப்பெண். தரம்பார்த்தலில் பயன்படும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அடர் நிறக் கரைசல், திரவ மட்டத்தின் கீழ் வளைவு சரியாகத் தெரியாது, அதனால் ப்யூரெட்டில் (அளவுக் குழாயில்) மேல் மட்டத்தைத்தான் குறிக்க வேண்டும். இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவது ஆய்வகத்தில் கை பழகினால்தான் வரும். செய்முறை வகுப்புக்கு லீவு போடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முந்தைய இரவு பிள்ளையைப் பத்து மணிக்காவது படுக்க விடுங்கள். தூங்காமல் வந்த பிள்ளை சமன்பாட்டைச் சமன்படுத்தும்போது எண்ணிக்கையைத் தவற விடும்.

அப்புறம், தேர்வு அறையில் வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம் தருகிறார்கள். ஒன்பதில் எந்த ஆறு என்பதை அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு (அ), (ஆ) என்று குறியீட்டை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கும்.