வைரஸ் அடங்கிய பிறகும் இதயம் ஏன் பாதிக்கப்படுகிறது?

எச்.ஐ.வி.க்கான மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டு, ரத்தப் பரிசோதனையில் வைரஸே தென்படாத நிலையில் இருப்பவர்களுக்கும் மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்கிறார்களே, அது எதனால், அதை ஆராய்வதற்கென்று ஆய்வாளர்களுக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில், நம் குடலின் உட்சுவரில், தொடங்குகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் கண்டறியப்பட்டது. 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. 2004 முதல் இந்திய அரசு அதை இலவசமாக வழங்கிவருகிறது. அன்று சில ஆண்டுகளே வாழ்வார்கள் என்று கருதப்பட்டவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து, எல்லாரையும்போல் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றோடு மருத்துவரிடம் வருகிறார்கள். ஆனால், வயதும் புகைப்பழக்கமும் மட்டும் இதற்கு முழு விளக்கம் தரவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரியவந்தது.

எச்.ஐ.வி. நுழைவது சி.டி.4 வெள்ளை அணுக்களுக்குள் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். அந்த அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டிய திசுவில்தான் குடியிருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அங்குள்ள அணுக்கள் உணவோடு வரும் அந்நியப் பொருள்களை ஓயாமல் எதிர்கொள்வதால் எப்போதும் விழிப்பு நிலையில் இருப்பவை. வைரஸ் பற்றிக்கொள்வதற்குத் தேவையான சி.சி.ஆர்.5 என்ற ஏற்பிகளும் அவற்றின் மேற்பரப்பில் மிகுதி. ஆகவே, தொற்று ஏற்பட்ட சில வாரங்களுக்குள், காய்ச்சலும் உடல்வலியும் வந்துபோகும் அந்தக் காலத்திலேயே, குடலின் சி.டி.4 அணுக்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன.

அழிபவற்றுள் டி.எச்.17 என்னும் வகை முக்கியமானது. இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-22 ஆகிய புரதங்களைச் சுரந்து, குடலின் மேற்தோல் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கவும், தேய்ந்தவற்றுக்குப் பதிலாகப் புதியவை முளைக்கவும் உதவுபவை அவையே. அவை குறைந்தால் சுவர் இடிந்துவிடுவதில்லை. எலி வளை தோண்டிய வரப்பைப்போல, வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்துகொண்டே உள்ளுக்குள் கசிகிறது. சிகிச்சை தொடங்கியதும் ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை உயர்கிறது. குடலிலோ இந்த அணுக்கள் முழுமையாக மீள்வதில்லை.

கசிவது என்ன? குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றின் வெளியுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு இருக்கிறது. அதன் துணுக்குகள் ரத்தத்தில் கலந்ததும், மோனோசைட் என்னும் வெள்ளை அணுக்கள் சி.டி.14 என்ற ஏற்பியால் அவற்றை இனங்கண்டு, பாக்டீரியாவே ரத்தத்தில் புகுந்துவிட்டதுபோல் அழற்சிப் புரதங்களை வெளியிடுகின்றன. ரத்தத்தை உறையத் தூண்டும் புரதத்தையும் தம் மேற்பரப்பில் தாங்கிக்கொள்கின்றன. கசிவு நிற்காததால் எச்சரிக்கையும் நிற்பதில்லை. எரிச்சலுற்ற ரத்தநாளச் சுவரில் கொழுப்பு படிவதும், படிவு வெடிக்கும் இடத்தில் ரத்தம் உறைவதும் எளிதாகின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த மூலக்கூறு கூடுதலாக இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் டேனியல் டூக்கின் குழு 2006இல் வெளியிட்டது. குடலில் நேர்ந்த இழப்பு பல ஆண்டுகள் கழித்து இதயத்தில் வெளிப்படும் இந்தத் தொடர்பைப்போல் என்னை வியப்பில் ஆழ்த்திய மருத்துவச் செய்தி வேறில்லை.

அதே ஆண்டு வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 5,472 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், சி.டி.4 எண்ணிக்கை போதுமான அளவு இருக்கும்போது ஒரு பிரிவினருக்கு மருந்து இடைநிறுத்தப்பட்டது. மருந்தின் பக்கவிளைவுகள் குறையும், இதயமும் கல்லீரலும் தப்பும் என்பது எதிர்பார்ப்பு. மாறாக, மரணமும் இதய, சிறுநீரக, கல்லீரல் நோய்களும் அவர்களிடமே கூடின. “மாத்திரை உடம்புக்குச் சூடு, கொஞ்ச நாள் விட்டுப் பிடிக்கலாம்” என்று நோயாளிகளிடம் உறவினர்களும் போலி வைத்தியர்களும் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். அந்த அறிவுரை உயிரைப் பறிக்கக்கூடியது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தொற்றுநோய் படித்தவருக்கு இதயவியலும், இதயவியல் படித்தவருக்கு எச்.ஐ.வி. மருந்துகளும் பழக்கமில்லை; இரண்டும் தெரிந்தாலும் புள்ளியியல் தெரியாவிட்டால் ஏமாந்துபோவார்கள். எச்.ஐ.வி. உள்ள 33,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த டி.ஏ.டி. ஆய்வு, அபாகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை அண்மையில் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 2008இல் அறிவித்தது. குற்றவாளி மருந்துதானா? டெனோஃபோவிர் என்ற மற்றோர் எச்.ஐ.வி. மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு மருத்துவர்கள் அபாகாவிரையே எழுதினார்கள். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு மாரடைப்பு ஏற்கெனவே அதிகம். இந்த முடிச்சை அவிழ்க்கும் விவாதம் இன்றும் தொடர்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஆய்வகப் பாடமும் அவ்வளவே நுட்பமானது. லிப்போபாலிசாக்கரைடை அளக்கும் சோதனை, குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுக்கப்படும் சாற்றைக் கொண்டு செய்யப்படுகிறது. அதே மூலக்கூறு குழாய்த் தண்ணீரிலும் சரியாகத் தூய்மைப்படுத்தப்படாத கண்ணாடிக் குடுவையிலும் இருப்பதால், ரத்தம் எடுத்த குழாய் மாசுபட்டிருந்தாலே நோயாளியின் குடல் கசிவதாக முடிவு வந்துவிடும். இதை அறிந்தவர்தான் மோனோசைட்டுகள் உதிர்க்கும் சி.டி.14 புரதத்தையும் சேர்த்து அளப்பார். நம் நாட்டில் இன்னொரு கவனமும் தேவை. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் நோயாளியின் விவரம் பதியும் வெள்ளை அட்டையும் இதயப் பிரிவின் ஈ.சி.ஜி. தாளும் ஒரே நோயாளியுடையவை என்று இணைக்காமல் ஆய்வு நடக்காது. அந்த இணைப்பு அவருடைய ஒப்புதலோடு, ரகசியம் காக்கப்பட்டே நடக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நோக்கம்.

இப்படித் துறைகளை இணைப்பதற்கு முன்மாதிரி உண்டு. கென்யாவின் எல்டோரெட் நகரில் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் 1989 முதல் இணைந்து செயல்படுகின்றன. 2001இல் எச்.ஐ.வி. சிகிச்சைக்கென்று அங்கே தொடங்கிய ஆம்பத் திட்டம், பின்னர் அதே கட்டமைப்பைக் கொண்டே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஏழை நாடுகளின் ஆய்வாளர்களுக்கு எச்.ஐ.வி. ஆய்வுப் பயிற்சி அளிப்பதில் அமெரிக்காவின் ஃபோகார்ட்டி மையம் 1988 முதல் பெரும் பங்காற்றியது. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் திட்டம் அந்த மையத்தையே மூடிவிடப் பரிந்துரைத்தது. ஒரு கருவியை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். ஆய்வாளரை உருவாக்கப் பத்தாண்டு ஆகும். இந்தப் பயிற்சிக்கான செலவை இந்தியா தன் சொந்த நிதியிலிருந்தே நிரந்தரமாக ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வு, இந்தியா உட்படப் பல நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் பிடாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையைச் சோதித்தது. எச்.ஐ.வி. மருந்துகளோடு மோதாது என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மாத்திரை, பெரிய இதய நோய் நிகழ்வுகளை 35 விழுக்காடு குறைத்தது. ஆனால் அது கசிவை அடைக்கும் மருந்தன்று. குடலிலேயே பாக்டீரியாத் துணுக்குகளைப் பிடித்து நிறுத்துமென்று செவலமரையும், பாக்டீரியாக்களைக் குறைக்குமென்று ரிஃபாக்சிமினையும் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டும் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. டி.எச்.17 அணுக்களைக் குடலுக்கு மீட்டுக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.