பனி கொட்டி ஓய்ந்த பிறகு காற்று செய்யும் வேலை

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேர் பனிக்குள் புதைந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்த மாவட்டத்துக்காரர். அங்கே இடிந்து விழுந்தது பெரும் பனிச்சுவர். காஷ்மீர், இமாசல மலைகளில் ரோந்து போகிறவர்களும், குல்மார்க் மேட்டில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களும் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: காற்று கட்டிவைக்கும் பனிப்பலகை.

பனி விழும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். விழுந்து முடிந்து, வானம் வெளுத்து, வெயிலும் அடிக்கும் நாளில் மேலே காற்று ஓய்ந்திருக்காது. மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகம் போதும், உதிரிப் பனி கிளம்பிவிடும். காற்று மோதும் பக்கத்தைச் சுரண்டி, முகட்டைத் தாண்டியதும் வேகம் குறைந்து, சுமந்து வந்ததையெல்லாம் மறுபக்கச் சரிவில் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட அங்கே பனி சேரலாம்.

கோடையில் வறண்ட பாலாற்றிலும் மணல் இப்படித்தான் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் குவிகிறது. ஆனால் காய்ந்த மணல் எவ்வளவு குவிந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. பனி ஒட்டும். ஆறு கை விரித்த படிகங்கள் காற்றில் உருண்டு மோதிப் பொடியாகின்றன. பொடி இடைவெளியில்லாமல் நெருங்கி உட்காரும். துகள்கள் தொட்ட இடங்களில் உருகாமலே பிணைந்துகொள்ளும். சில மணி நேரத்தில் குவியல் ஒரே பலகையாகிவிடும்.

பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தெளிந்த இரவுகளில் பழைய பனியின் மேல் பூத்த மெல்லிய படிகங்கள் அதற்கடியில் புதைந்திருக்கலாம். ஆள் பாரம் பட்டால் அந்த அடுக்கு நொறுங்கும். ஓரிடத்தில் தொடங்கிய முறிவு அடியிலேயே பரவும். சரிவு 30 டிகிரிக்கு மேல் இருந்தால் பலகை மொத்தமாகக் கழன்றுவிடும். பெரும்பாலும் விரிசல் விடுவது நிற்பவரின் தலைக்கு மேலே. அதனால்தான் தப்ப முடிவதில்லை. உயிர்போன விபத்துகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில், பலகையைக் கழற்றிவிட்டது சிக்கியவரோ கூட வந்தவரோதான்.

இன்னொரு பொல்லாத குணம்: பலகை நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும். தடித்த இடத்தில் இரண்டு பேர் போனாலும் ஒன்றும் ஆகாது. மூன்றாமவர் மெலிந்த ஓரத்தில் கால் வைத்ததும் எல்லாம் கிளம்பும். முன்னால் போனவர் தடம் இருக்கிறதே என்ற தைரியம் இங்கே செல்லாது.

அடையாளம் இல்லாமல் இல்லை. முகட்டிலிருந்து பனிப்புகை எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் பாரம் ஏறுகிறது. முகட்டு விளிம்பில் கூரை நீட்டியதுபோல் தொங்கும் பனியும் அதே திசையைக் காட்டும். வழுவழுவென்று உப்பியிருக்கும் சரிவு, சறுக்குப் பலகைக்கடியில் ‘தொம்’ என்ற சத்தம், காலடியிலிருந்து ஓடும் விரிசல்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிட வேண்டும். சறுக்க ஆசை வருவதென்னவோ அந்த வழுவழுப்பைப் பார்த்துத்தான்!

சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அது ஒரு வட்டாரத்துக்குப் பொதுவானது; இந்த முகட்டுக்குப் பின்னால் நேற்று ராத்திரி எவ்வளவு கொட்டியது என்பதை அங்கே நிற்பவர்தான் பார்க்க வேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு மளமளவென்று குறையும். வெளியிலிருந்து மீட்புப் படை வரக் காத்திருக்க நேரமில்லை. சந்தேகமான சரிவை ஒருவர் கடந்து முடிக்கும்வரை மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று, அவர்மீதே கண்ணை வைத்திருப்பது இதற்காகத்தான்.