இதயத்துக்கான பயிற்சி கால்களில் நடக்கிறது

மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மாமாவை அத்தை சோபாவை விட்டு எழவே விடவில்லை. "தண்ணி வேணும்னா என்கிட்ட கேளுங்க, நீங்க அசையாதீங்க." சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மருத்துவமனையில் கொடுத்த தாளிலோ சில வாரத்தில் இதய மறுவாழ்வுக்கான டிரெட்மில் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தது. மாரடைப்பு வந்தவரை ஓடச் சொல்கிறார்களே என்று அத்தைக்குக் கோபம்.

அந்தப் பயம் ஒருகாலத்தில் மருத்துவர்களுக்கும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, அத்தனை வருட வயது செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது. படுத்தே கிடப்பதும் ஒரு நோய்தான்.

சரி, பயிற்சி என்ன செய்கிறது? மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வளராது. அந்த இடம் தழும்பாகிவிடும். மாற்றத்தில் பெரும்பங்கு கால்களில் நடக்கிறது. தொடையிலும் கெண்டைக்காலிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும், செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும். வரும் ரத்தத்திலிருந்து தசை கூடுதலாக ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் அதே மேம்பாலப் படியை ஏற, இதயம் முன்பைவிடக் குறைவாகத் துடித்தால் போதும்.

துடிப்பு குறைவதில் இன்னொரு லாபமும் உண்டு. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள், இதயம் சுருங்கும்போது அல்ல, இரண்டு துடிப்புக்கு நடுவே தளரும்போதுதான் பெரும்பாலும் நிரம்புகின்றன. துடிப்பு நிதானமானால் அந்த இடைவெளி நீளும், இதயத்துக்குத் தானும் சாப்பிட நேரம் கிடைக்கும். பயிற்சியில் ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவரை உரசிச் செல்கிறது. அந்த உரசல் தூண்டுவதால் உட்சுவர் நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரந்து குழாயை விரிக்கிறது.

அளவு முக்கியம். மாமா சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நாடித் துடிப்பை அடக்கி வைப்பதால், நாடியை மட்டும் நம்பி வேகத்தைக் கூட்ட முடியாது. அதனால் உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்று நோயாளியையே கேட்டு, 6 (சிரமமே இல்லை) முதல் 20 (உச்சச் சிரமம்) வரையிலான போர்க் அளவுகோலில் எண் சொல்லச் சொல்கிறார்கள். பெரும்பாலும் 11 முதல் 14க்குள் இருக்க வேண்டும். வீட்டில் இன்னும் எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு 85 சோதனைகளை, 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சிக்குப் போனவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவதும் மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தன.

இவ்வளவு பலன் உள்ள சிகிச்சைக்குப் பலர் போவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சிங்கப்பூரில் இந்தியர்களுக்குச் சீனர்களைவிட மாரடைப்பு விகிதம் அதிகம், நம் வீடுகளில் இது அவசியம் பேசப்பட வேண்டியது. தேசிய இருதய நிலையம் போன்ற மருத்துவமனைகளில் பயிற்சி உண்டு. சிங்கப்பூர் ஹார்ட் ஃபவுண்டேஷனும் ஃபார்ச்சூன் சென்டரிலும் பீஷான் ஜங்ஷன் 8இலும் மையங்கள் நடத்தி வந்திருக்கிறது. இதய நோய்க்கான வெளிநோயாளிக் கட்டணத்துக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கையும் பயன்படுத்தலாம். ஆனால் 12 மணி நேர ஷிஃப்டில் காவலாளியாக இருக்கும் மாமாவுக்குக் காசைவிட நேரம்தான் பெரிய தடை. வீட்டுப் பெண்களுக்கோ பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை.

இவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஆபத்து குறைந்த நோயாளிகள் முதலில் மருத்துவமனையில் சோதித்துக்கொண்டு, வீட்டிலிருந்தே, தொலைபேசிக் கண்காணிப்போடு பயிற்சி செய்தாலும் மையத்துக்குப் போனதற்கு ஈடான பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாமா அப்படித்தான் தொடர்கிறார். நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை சட்டைப்பையில், வேலைக்குப் போகும் முன் புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம். அத்தையும் கூடவே நடக்கிறார். மாமா பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினால், வேகத்தைக் குறைக்கச் சொல்வது அவர்தான்.