ஜிப் ஷீட்: தாளும் இல்லை, விரிப்பும் இல்லை

பாய்மரப் படகு பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'முன்பாய்த் தாளை இழுக்கவும்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. எந்தத் தாளை? ஷீட் என்றால் தாள் என்று அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்ட யாரோ செய்த வேலை இது. இன்னும் சிலர் 'விரிப்பு' என்கிறார்கள். படகில் ஷீட் என்பது கயிறு. ஜிப் எனப்படும் முன்பாயை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறுதான் ஜிப் ஷீட்.

வேர் எளிது. பழைய ஆங்கிலத்தில் 'ஷேயாட்டா' என்றால் பாயின் கீழ்மூலை. அந்த மூலையில் கட்டும் கயிறு 'மூலைக்கயிறு' என்ற கூட்டுச்சொல்லாக இருந்தது, பிறகு கயிறு உதிர்ந்து மூலை மட்டும் மிஞ்சியது. படுக்கை விரிப்பைக் குறிக்கும் ஷீட் இதற்கு உறவுதான், ஆனால் தனிச்சொல்.

தாளையாவது சிரித்துவிட்டுப் போகலாம். கொஞ்சம் யோசித்தவர்கள் உருவாக்கிய 'கட்டுப்பாட்டுக் கயிறு'தான் எனக்குப் பெரிய எரிச்சல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் எந்தக் கயிறு எதையும் கட்டுப்படுத்தாமல் சும்மா கிடக்கிறது? பாயை மேலே ஏற்றும் கயிறும் கட்டுப்பாடுதான், முன்பாயைச் சுருட்டும் உருளையிலிருந்து வரும் கயிறும் கட்டுப்பாடுதான். காற்று திடீரென்று வலுத்துப் படகு சாயும்போது 'கட்டுப்பாட்டுக் கயிற்றை விடு' என்று கத்தினால், புதிதாக வந்தவர் ஏற்றுக்கயிற்றை அவிழ்த்துவிடுவார், பாய் மொத்தமாகத் தளத்தில் வந்து விழும். 'இழுகயிறு' என்பதும் இதே கதை, இழுக்காத கயிறு எது?

ஜிப் ஷீட் செய்யும் வேலையைப் பார்த்தால் பெயர் தானாக வரும். முக்கோணப் பாய்க்கு மேல்முனை, முன்முனை, பின்முனை என்று மூன்று முனைகள். பின்முனையில் இரண்டு ஷீட்கள், பெரும்பாலும் போலைன் என்ற நழுவாத கண்ணி முடிச்சில் கட்டியிருக்கும், ஏனென்றால் பாய் படபடவென்று அடிக்கும்போது அங்கே இரும்புக் கொக்கி இருந்தால் மண்டை உடையும். ஒன்று இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் பின்னே வந்து, தளத்துத் தண்டவாளத்தில் நகரும் கப்பி வழியாக, வின்ச் என்ற கயிறு இழுக்கும் உருளையில் வலஞ்சுழியாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பியதும் இதை விட்டு அதை இழுக்க வேண்டும். கப்பியை முன்னே தள்ளினால் பாயின் பின்விளிம்பு இறுகும், பின்னே தள்ளினால் அடிவிளிம்பு இறுகும்.

ஆகவே 'பின்முனைக் கயிறு' என்றால் தெளிவு. ஆனால் அதுகூடத் தேவையில்லை, தோணிக்காரர்களிடம் 'தாமான்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, பாயை ஏற்றும் கயிற்றுக்கு 'ஆஞ்சான்' இருப்பதுபோல. தாமான் தூய தமிழா என்று கேட்டு உடனே ஒருவர் வருவார். சரி, இல்லையென்றே வைத்துக்கொள்வோம். துறைமுகச் சொற்கள் எந்த மொழியில்தான் கலக்காமல் இருந்தன? பாய்க்கு 'இதை', பாய்மரத்துக்குக் 'கூம்பு' என்று சங்கப் பாட்டில் இருக்கிறது, அவற்றை எடுப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'கூம்பு' என்றால் இன்று படிப்பவருக்கு ஐஸ்கிரீம்தான் நினைவுக்கு வரும், அதையும் பார்க்க வேண்டுமே.

மொழிபெயர்ப்பவர்கள் படகை ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்தாலே பாதி சரியாகிவிடும். 'ட்ரிம்' என்றதும் 'கத்தரிக்கவும்', 'ஈஸ்' என்றதும் 'எளிதாக்கவும்'. இந்த லட்சணத்தில் 'தாளைக் கத்தரிக்கவும்' என்றே ஒரு வழிகாட்டியில் படித்தேன், அதைப் படித்துவிட்டு எவராவது கத்தரிக்கோலோடு போயிருந்தால் என்ன ஆவது? இறுக்கு, தளர்த்து என்று இரண்டு சொற்கள் போதும். 'தாமானைத் தளர்த்து' என்றால் ஒரு கை வின்ச்சுக்குப் போகும், பாய் காற்றை விடும்.